ராகு காலத்தில் ஒரு பலாட்

1

பாரிசின் லா சப்பலில் இப்போது என்னை யாரும் சந்திரா என்று கூப்பிடுவதில்லை. "கைட் அக்கா" என்கிறார்கள். பலசரக்குக் கடையில் வரிசைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும் ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர் வந்த விதத்தை ஊரில் இருக்கும் தங்கை போனில் கேட்டாள்.

"நீ எப்பயக்கா கைட் வேலைக்குப் போனனி?"

"நான் போகேல்லையடி. அது என்னட்டை வந்தது."

அவளுக்கு விளங்கவில்லை. போனில் சொல்லி விளங்கவைக்கக்கூடிய விஷயமும் அல்ல. ஆகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பாரிசில் இரண்டு தமிழர் சந்தித்தால் கோப்பி குடிப்பார்கள், மூன்று பேர் சந்தித்தால் சங்கம் வைப்பார்கள். எங்கள் சங்கத்தின் தலைவர் தில்லையண்ணை. நான் செயலாளர். செயலாளர் என்றால் தலைவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுபவர். மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குக் கிட்ட மெரி, அதாவது நகரசபை, எங்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபம் தந்திருக்கிறது. காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. மதியத்துக்குப் பிறகு பெண்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாட்டுப் பழகுவோம். நான் கார்ஜ் லே கொனெஸில் இருந்து ஆர்.இ.ஆர். ரயில் பிடித்து வருவேன். கிழமை முழுக்கக் கடையில் "வேறை என்ன வேணும்?" என்று கேட்டுக் களைத்த வாய்க்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் ஓய்வு.

இந்த வருஷம் மெரியிலிருந்து கடிதம் வந்தது. மண்டபம் தொடர்ந்து வேண்டுமென்றால், சங்கம் அக்கம்பக்கத்துப் பிரெஞ்சு மக்களுக்கும் கதவைத் திறந்து ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். இல்லாவிட்டால் மண்டபம் வரிசையில் காத்திருக்கும் வேறு யாருக்கோ போய்விடும். கூடவே ஒரு படிவம்.

தில்லையண்ணை ஊரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். இங்கே ஒரு உணவகத்தின் சமையலறையில் இருபது வருஷமாக வேலை. படிவங்களைப் படிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று அவரே சொல்லுவார். எங்கள் திட்டம் ஒரு பாட்டு நிகழ்ச்சி. படிவத்தில் நிகழ்ச்சி வகைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. 'கொன்சேர்', அதாவது கச்சேரி, என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் ஒலிபெருக்கிக்கு ஒரு அனுமதி, தீயணைப்புக்கு ஒரு அனுமதி என்று மேலும் ஒன்பது பக்கம் நிரப்ப வேண்டும். அண்ணையின் விரல் கீழே இறங்கி 'பலாட்' என்ற கட்டத்தில் நின்றது.

"பிள்ளை, இதைப் பார். பலாட். இங்கிலீசிலை பாலட் எண்டால் பாட்டாலை கதை சொல்லுறது. எங்கட நிகழ்ச்சி அதுதானே? அனுமதியும் தேவையில்லை எண்டு போட்டிருக்கு."

"பிறகேன் அண்ணை கீழை எத்தினை கிலோமீற்றர் எண்டு கேக்கினம்?"

"ஆக்கள் எவ்வளவு தூரத்திலையிருந்து வருவினம் எண்டு கேக்கினம். மூண்டு எண்டு போடுவம்."

அதற்கும் கீழே சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று கட்டங்கள். சினிமாப் பாட்டு இரண்டும் பஜனை நான்கும்தானே, சுலபம் என்று போட்டார். நல்ல சப்பாத்துப் போட்டுவரச் சொல்லவா என்ற கேள்விக்கு ஓம் என்று போட்டார். "வாசலிலை கழட்டத்தானே போகினம், நல்லதாப் போட்டுக்கொண்டு வரட்டும்" என்றார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

2

மெரி குறித்துத் தந்த சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் ஊதுபத்தி மணந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், ஐம்பது கதிரை, ஒரு குத்துவிளக்கு. நான் மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரச் சேலையில் நின்றேன். என் மகள் கஜானி வாசலில் தன் போனுடன் நின்றாள். அவளுக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். இரண்டு வானொலி பக்கத்தில் பக்கத்தில் பாடுகிற மாதிரி எங்கள் வீடு. நிகழ்ச்சியை அறிவிப்பதற்காகக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். பத்தரைக்குப் போய்விடுவேன் என்ற ஒப்பந்தத்தில் வந்திருந்தாள்.

ஒன்பதேகாலுக்கு வந்தார்கள். இருபது பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோர் முதுகிலும் பை. காலில் மலையேறுகிற சப்பாத்து. நாலைந்து பேர் கையில் ஊன்றுகோல், அதுவும் இரண்டிரண்டு. ஒருவர் கழுத்தில் திசைகாட்டி தொங்கியது. முன்னால் கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக மெரியின் மதாம் பெர்த்தியே. அவர்தான் எங்களைப் பற்றி அறிக்கை எழுதப் போகிறவர்.

தில்லையண்ணை கைகூப்பி, கதிரைகளைக் காட்டி, இருங்கள் என்றார். யாரும் கதிரையில் இருக்கவில்லை. மதாம் நேரத்தைப் பார்த்து, எப்போது புறப்படுகிறோம் என்று கேட்டார்.

"எங்கை புறப்படுறது?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

நான் கஜானியைப் பார்த்தேன். அவள் என் கைப்பையிலிருந்த படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள். அவள் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்தபடி பிரெஞ்சில் சொன்னாள்:

"அம்மா, பலாட் என்றால் உலாப் போவது. நடை. நீங்கள் மூன்று கிலோமீற்றர் சுலபமான நடைக்கு இவர்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்."

மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பதை நிறுத்தினார். தில்லையண்ணையின் முகத்தில் ஆங்கில இலக்கியம் முழுவதும் ஒருதரம் ஓடி மறைந்தது. பிறகு என் காதுக்குள் சொன்னார்:

"சந்திரா, நீ இஞ்சை இருபத்திரண்டு வருசம் வேலை செய்யிறாய். எல்லாக் கடையும் உனக்குத் தெரியும். நீ முன்னாலை போ."

"நானோ? இந்தச் சேலையோடையோ?"

"மண்டபம் போகப் போகுது பிள்ளை!"

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே வழிகாட்டி, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எங்களைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போன பூகோள மாஸ்ரர்தான். அவர் ஒரு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. மண்டபத்து மூலையில் யாரோ மறந்துவிட்டுப் போன பூப்போட்ட குடையை எடுத்து உயர்த்தினேன். இருபது பேரும் உடனே என் பின்னால் வரிசையாக வந்தார்கள். குடைக்கு அவ்வளவு மரியாதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

3

லா சப்பல் மெற்றோ, பாலத்தின் மேலே ஓடுகிற மெற்றோ. அதன் கீழே முதல் தரிப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அதன் கீழே நடக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இது பாலம்" என்றேன்.

கஜானி அதை நாலு நிமிஷம் மொழிபெயர்த்தாள். எல்லோரும் தலையாட்டிப் படம் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சுக்கு அவள் தூண்கள், தொழிலாளர், அகதிகள் என்று என்னென்னவோ சொல்லுவது கேட்டது. "என்னடி சொன்னனி?" என்றேன். "நீங்கள் சொன்னதைத்தான்" என்றாள்.

அடுத்தது நான் வேலை செய்யும் கடை. பழகின இடம், தைரியம் வந்தது. வெளியே பெட்டிகளில் அடுக்கியிருந்த மரக்கறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பாகற்காயில்தான் சிக்கல். எனக்கு அதற்குப் பிரெஞ்சுப் பெயர் தெரியாது. கஜானிக்கு அதன் தமிழ்ப் பெயரே தெரியாது.

"கசக்கும் எண்டு சொல்லு."

அவள் யோசித்து, இது வெள்ளரிக்காய்க்குச் சொந்தக்காரர், ஆனால் வாழ்க்கையில் மிகவும் மனம் கசந்தவர் என்றாள். திசைகாட்டி போட்ட பெரியவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு பாகற்காயை எடுத்துத் துடைத்து நடுவில் கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, "வித்தியாசமாக இருக்கிறது" என்று மரியாதையோடு சொல்லி முழுவதையும் தின்று முடித்தார்.

அப்போது மதாம் பெர்த்தியே நடைபாதையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு, கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். கடைக்குள்ளிருந்து என் முதலாளி சிவம் எட்டிப் பார்த்தார். கோப்பு, அடையாள அட்டை, பெட்டிகளைப் படம் எடுக்கும் வெள்ளைக்காரி, பின்னால் இருபது பேர். அவர் நிறம் மாறியதை நான் பார்த்தேன்.

"கொன்ரோலோ?" என்று வாயசைத்தார். கொன்ரோல் என்றால் பரிசோதனை. சுகாதாரம், வேலை, நடைபாதை என்று மூன்று விதத்தில் வரும்.

"இல்லையண்ணை! இது பலாட்!" என்றேன்.

பலாட் என்பது நாலாவது விதம் என்று அவர் நினைத்துவிட்டார். போனைக் காதில் வைத்தபடி உள்ளே ஓடினார். எங்கள் பின்னால் கடையின் இரும்புக் கதவு சடசடவென்று இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்டு என் கண்ணையே என்னால் நம்பமுடியவில்லை. நான் குடையோடு நடக்க நடக்க, எனக்குப் பத்தடி முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. சேலைக்கடை. நகைக்கடை. லூயி-பிளாங் தெருவில் திரும்பினால் போன் கடை, பயண முகவர். முடிவெட்டும் கடையில் கதவு பாதி இறங்கி நின்றது. அதன் கீழால் ஒரு மனிதர் தவழ்ந்து வெளியே வந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

தெரு செத்துப்போய்க் கிடந்தது. மதாம் பெர்த்தியே பேனாவை மூடினார்.

"மதாம் சந்திரா, நீங்கள் எங்களுக்குக் காட்டுவதற்கு ஒழுங்கு செய்த கடைகள் இவைதானா?"

மண்டபம் போய்விட்டது. தமிழ் வகுப்பு, பாட்டு, எல்லாம் போய்விட்டது. எங்கள் சனம் உங்களைக் கண்டு பயந்து ஒளித்துவிட்டது என்று எந்த மொழியில் சொல்லுவது? தமிழிலே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

கஜானி முன்னால் வந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிஷம். பிறகு, பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கு நிற்பவள் போல, நிதானமாகச் சொன்னாள்:

"மன்னிக்க வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டும். இது ராகு காலம். எங்கள் மரபில் ராகு என்று ஒரு பாம்பு சூரியனை விழுங்கப் பார்க்கும். சனிக்கிழமைகளில் ஒன்பது முதல் பத்தரை வரை. அந்த நேரத்தில் எந்த நல்ல காரியமும் செய்யமாட்டோம். கடைக்காரர்கள் உங்களை மதித்துத்தான், கெட்ட நேரத்தில் உங்களை உள்ளே கூப்பிடாமல் இருக்கிறார்கள்."

"அப்படியானால் அந்த ஐயா?" என்று ஒரு மூதாட்டி நுரைக்காரரைக் காட்டினார்.

"அவரும்தான். மறு கன்னம் பத்தரைக்குப் பிறகு."

எல்லோரும் குறிப்பேட்டை எடுத்தார்கள். மதாம் பேனாவைத் திறந்தார்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இவளுக்கு ராகு காலம் எப்படித் தெரியும்? போன வருஷம் அவளுடைய கார் ஓட்டும் பரீட்சை ராகு காலத்தில் வருகிறது என்று நான் திகதியை மாற்றச் சொல்லி நின்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தச் சண்டையில் படித்திருக்கிறாள்.

"அம்மா, இன்னும் இருபத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது. போன் எடுங்கள்" என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள்.

தில்லையண்ணைக்கும் அப்போது உயிர் வந்தது. எல்லோரையும் மறுபடி மெற்றோப் பாலத்தின் கீழே கூட்டிப்போய், ராகு விலகும்வரை ஒரு பாட்டு என்று தொடங்கினார். கடைசியில் அவருடைய பாலட்டும் நடந்தேவிட்டது. மேலே மெற்றோ வரும்போதெல்லாம் கையை உயர்த்தி நிறுத்துவார், போனதும் விட்ட சொல்லிலிருந்து பிடிப்பார். அது தாளத்தின் ஒரு பகுதி என்று நினைத்து அவர்களும் மெற்றோ வரும்போதெல்லாம் கையை உயர்த்தினார்கள்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உவை கொன்ரோல் இல்லை. சும்மா பாக்க வந்த சனம். கெதியாய்த் திறவுங்கோ!"

"சும்மா பாக்க எங்கட தெருவுக்கு ஆர் வாறது? பொய் சொல்லாதை பிள்ளை."

"என்ரை மகள் மேலை ஆணையாச் சொல்லுறன் அண்ணை."

"எத்தினை மணிக்குத் திறக்க?"

"பத்தரைக்கு. ஒரு நிமிசம் முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம். எல்லாருக்கும் சொல்லுங்கோ."

பத்தரைக்குக் குடையை உயர்த்திக்கொண்டு தெரு முனையில் திரும்பினேன். ஒரே நேரத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, எல்லா இரும்புக் கதவும் மேலே போயின. இருபது பேரும் கைதட்டினார்கள். மூதாட்டி ஒருவர் கண்ணைத் துடைத்தார். நுரைக்காரர் உள்ளே போய் மறு கன்னத்தைக் கொடுத்தார்.

ஒப்பந்தப்படி கஜானி பத்தரைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மணிவரை நின்றாள். சேலைக்கடையில் அந்த இருபது பேரில் எட்டுப் பேருக்குச் சேலை கட்டிவிட்டாள். அவளுக்குச் சேலை கட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பிப் போகும் ஆர்.இ.ஆரில் அவளைக் கேட்டேன்: "ஏன் பிள்ளை அப்பிடி ஒரு பொய் சொன்னனி?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்கள் அந்த முகத்தோடு நின்றீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை."

கார்ஜ் வரும்வரை அவள் தலை என் தோளில் கிடந்தது. காஞ்சிபுரம் கசங்குகிறது என்று நான் அசையவும் இல்லை.

4

மூன்று கிழமை கழித்து மெரியின் கடிதம் வந்தது. தில்லையண்ணை இந்தமுறை தானே வாசிக்காமல் கஜானியிடம் நீட்டினார்.

மண்டபம் இன்னும் ஒரு வருஷத்துக்கு எங்களுக்கே. நடை மிகச் சிறப்பு. இன்னொரு முறை வேண்டும். ஆனால் மதாம் பெர்த்தியே 'ராகு' என்பதைத் தான் கேட்டபடி 'ரகூ' என்று எழுதியிருந்தார். பிரெஞ்சில் ரகூ என்றால் இறைச்சிக் குழம்பு. "தமிழ் மக்களின் குழம்புக் காலத்தை மதித்து, அடுத்த நடையைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைப்போம்" என்று எழுதி, அந்தக் குழம்பைச் சுவைத்துப் பார்க்க இடமுண்டா என்றும் கேட்டிருந்தார்.

இந்தத் தடவை நான் எந்தப் பிழைக்கும் இடம் வைக்கவில்லை. ஒரு கிழமைக்கு முதலே கடை கடையாகப் போனேன்.

"அண்ணை, சனிக்கிழமை மூண்டு மணிக்குப் பிரெஞ்சுக்காரர் வருவினம். கையிலை கோப்பு இருக்கும், கழுத்திலை அட்டை இருக்கும். பயப்பிடாதையுங்கோ. கதவைப் பூட்டாதையுங்கோ. சிரிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுங்கோ."

"இனி எங்களுக்குத் தெரியும்" என்றார் சிவம் அண்ணை. முன்பு கதவைப் பூட்டிய வெட்கம் அவரை விடவில்லை. பூமாலைகளுக்குச் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் நூறு உழுந்து வடை. சந்தனம், பன்னீர்.

சனிக்கிழமை நான் மண்டபத்திலிருந்து குடையோடு புறப்பட்டேன். பின்னால் முப்பது பேர். பக்கத்தில் கஜானி, தானாகவே வந்திருந்தாள். சரியாக மூன்று மணிக்குக் கடை வாசலுக்கு வந்தோம்.

அங்கே ஏற்கெனவே ஒரு விழா நடந்துகொண்டிருந்தது. கோட்டுப் போட்ட இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் கழுத்தில் மாலையோடு நின்றார்கள். மாலைக்குள்ளே அடையாள அட்டை புதைந்து கிடந்தது. நெற்றியில் சந்தனம். பெண்ணின் கையில் வடை. ஒருவர் முகம் நனைந்திருந்தது, பன்னீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல. சிவம் அண்ணை அவர்களைக் கையைப் பிடித்துக் குளிர் அறை, களஞ்சியம், பின்கதவு, நடைபாதைப் பெட்டிகள் என்று ஒன்றுவிடாமல் காட்டி முடித்திருந்தார். அவர்கள் கும்பிட்டு விடைபெற்று, எங்களைக் கடந்து போனார்கள்.

சிவம் அண்ணை வெற்றிச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற முப்பது பேரையும் பார்த்தார்.

"பிள்ளை, இவை ஆர்?"

"இவைதான் அண்ணை பலாட். மூண்டு மணிக்கெண்டு சொன்னனான் எல்லே?"

"அப்ப ரெண்டே முக்காலுக்கு வந்தவை?"

நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் தன் கையிலிருந்த மஞ்சள் தாளை மெல்ல நிமிர்த்தினார்.

"நான் விருந்தாளிப் புத்தகம் எண்டு நினைச்சு இதிலை கையெழுத்துப் போட்டனான்."

கஜானி தாளை வாங்கி வாசித்தாள். மேலே 'கொன்ரோல்' என்று போட்டிருந்தது. நடைபாதையில் உள்ள பெட்டிகள் எல்லாவற்றையும் பத்து நாளுக்குள் உள்ளே எடுக்க வேண்டும். குளிர் அறைக் கதவின் ரப்பரை மாற்ற வேண்டும். சுவரில் கைகழுவும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மற்றபடி குறை இல்லை.

"அவ்வளவுதானோ?" என்றார் சிவம் அண்ணை, மூச்சை விட்டு.

"இல்லை, கீழே பேனாவால் ஒன்று எழுதியிருக்கிறது" என்றாள் கஜானி. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தரம் நிறுத்தி வாசித்தாள்.

"நாங்கள் இந்த வேலையில் எந்தக் கடைக்குப் போனாலும் கதவுதான் முதலில் மூடும். வடைக்கு நன்றி. பத்து நாள் கழித்து மறுபடி வருவோம்."